இறக்கத்துக்கு முன் ஒரு வார்த்தை

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கே.கே. நகரில் பாதிப் பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் வீட்டில் யாராவது ஒருவருடைய எலும்பையாவது அவர் படம் பிடித்திருப்பார். அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் பதினெட்டு வருடம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தார். இப்போது மதுரையில் இல்லை. மகள் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகிறது. நான் அங்கே போய்ப் பார்த்ததில்லை. போவேன் என்றும் தோன்றவில்லை.

“மூச்ச இழு. பிடி. விடாத, விடாத, விட்றாத... ம், இப்ப விடு.” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் இதைச் சொல்கிற தோரணையைப் பார்த்தால், அவர் அனுமதி கொடுக்காவிட்டால் அந்த ஆள் ஆயுளுக்கும் மூச்சு விட முடியாது என்று தோன்றும். ஒரு தடவை நானே சளி கட்டி நெஞ்சு எக்ஸ்ரேவுக்குப் போய் நின்றேன். இழு என்றார், பிடி என்றார். அதற்குள் கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்க்க, செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்ததற்கு அவனைப் பிடித்துக்கொண்டார். நான் கண் பிதுங்க நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் தாங்காமல் நானாக மூச்சை விட்டு இருமினேன். “ஏன்டா மாப்ள, படம் எடுத்து எம்புட்டு நேரமாச்சு, மூச்சு விடுறதுக்குமா நான் சொல்லணும்?” என்றார்.

ஆனால் அவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். கண்ணில் ஒன்று பட்டுவிட்டால் அது வாய் வழியாக வெளியே வந்தே தீரும். கேட்கிறவர் யார், எவர், கோபப்படுவாரா என்கிற யோசனையெல்லாம் கிடையாது.

மதுரையில் ஒருத்தன் பைக்கின் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் போனால், எதிரே வருகிற முன்பின் தெரியாதவன்கூட “அண்ணே, ஸ்டாண்டு!” என்று கத்திவிட்டுப் போவான். பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் துப்பட்டா சக்கரத்துப் பக்கம் தொங்கினால் டவுன் பஸ் ஜன்னலிலிருந்து நாலு கை நீளும். அது இந்த ஊர்ப் பழக்கம், யாரும் இதை ஒரு தர்மமாக நினைத்துச் செய்வதில்லை. அவர் கத்திவிட்டுப் போகிற ரகம் இல்லை, துரத்துகிற ரகம். ஒரு கல்யாணத்துக்கு அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். மாட்டுத்தாவணி பக்கம் ஒருவன் ஸ்டாண்டோடு எங்களைத் தாண்டிப் போனான். காதில் இயர்போன், கத்தியது கேட்கவில்லை. விட்டார் வண்டியை. மண்டபம் ஒரு பக்கம், நாங்கள் போனது எதிர்ப்பக்கம். மூன்று சிக்னல் தாண்டி, குறுக்கே வண்டியைப் போட்டு நிறுத்தினார். மப்டியில் வந்த போலீஸ் என்று நினைத்து அந்த ஆள் லைசென்ஸை எடுத்து நீட்டினான்.

“ஸ்டாண்டு தம்பி, ஸ்டாண்டு!”

“அது மடங்காது சார். ரிப்பேரு.”

“அப்ப மாத்து. இன்னைக்கே மாத்து. ஒரு வளைவுல தட்டுச்சுன்னா நீ இல்ல.”

அதோடு விட்டாரா? பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் கடைக்குக் கூட்டிப்போய் ஸ்பிரிங் மாட்டவைத்துவிட்டுத்தான் கிளம்பினார். நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுவேன், இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். பழகிப்போன முகம்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதற்கு அவரைப் போல ஓர் ஆள் கிடையாது. அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது. மதினி சொல்வார்: “சாம்பார்ல உப்பு கம்மியா இருக்கு, போட்டுக்கங்கன்னு சொல்லிப் பாருங்க தம்பி. எனக்குத் தெரியும்னு உப்பில்லாமலே தின்னுட்டு எந்திரிப்பாரு.” ஒரு தடவை கே.கே. நகரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இடது இண்டிகேட்டர் எரிய எரியப் போனார். கோரிப்பாளையத்தில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து “சாரே, இண்டிகேட்டரு” என்றார். “தெரியும்ணே” என்று சொன்னவர், அதை அணைக்கவில்லை. அணைத்தால் ஆட்டோக்காரர் சொல்லித்தான் அணைத்ததாக ஆகிவிடும் அல்லவா? பின்னால் இருந்த எனக்குத்தான் உயிரே இல்லை.

இவ்வளவும் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவரைப் பற்றி அப்படித்தான் பேச வரும். ஆனால் அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டவன். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டு மாடிப்படியில் அவள் ஏறிப் போவதைப் பார்த்தவர், குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, “மாப்ள, புள்ளைக்கு ஒரு பக்கத் தோள்பட்டை எறங்கியிருக்கு. முதுகுல கோணல் இருக்கு. நாளைக்குக் கூட்டிட்டு வா, படம் எடுப்போம்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெண் குழந்தையைப் பற்றி இப்படி, அதுவும் என் மாமியார் முன்னாலேயே. இரண்டு வாரம் அவரிடம் பேசவில்லை. அவர் விடவில்லை. நான் வேலை பார்க்கிற பசுமலைக் கல்லூரி நூலகத்துக்கே வந்து, புத்தகம் எடுக்க நின்ற மாணவர்களுக்கு நடுவில், “நீ எங்கூடப் பேசாட்டியும் பரவால்ல, புள்ளையக் கூட்டிட்டு வா” என்றார். படம் எடுத்தோம். முதுகுத்தண்டு வளைந்திருந்தது. ஒரு வருடம் விட்டிருந்தால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். இரண்டு வருடம் பெல்ட் போட்டு இன்றைக்கு அவள் நேராக நடக்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்பதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கும்.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். நாற்பதைத் தாண்டிய ஆறு பேர், தொப்பையைக் குறைக்கிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கியர் சைக்கிளில் கிளம்பினோம். அவர், நான், ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி அதிகாரி, வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற இரண்டு பேர். முதலில் அழகர்கோவில் ரோடு, பிறகு ரோடு அலுத்துப்போய் மண்பாதை. கடைசியில் ஆனையூருக்கு வடக்கே ஒரு கரடு எங்களுக்கு என்று அமைந்தது. கரடு என்றால் மலை என்று சொல்ல முடியாத பாறைக் குன்று. உச்சியில் ஒரு கருப்பசாமி கோயில். கும்பிடப் போகிறவர்களின் டிராக்டர் ஏறி இறங்கி ஒரு பாதை ஆகியிருந்தது. ஏற அரை மணி நேரம், இறங்க நாலு நிமிடம்.

இந்தச் சைக்கிள்களுக்கு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு குழாய்க்குள்ளும் ஸ்பிரிங் மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கும். கல்லில் இடித்தால் அமுங்கிக்கொடுக்கும். ஏறும்போது அது அமுங்கினால் மிதிக்கிற பலமெல்லாம் அதிலேயே போய்விடும் என்பதால், அதைப் பூட்டிவைக்க வலது குழாயின் தலையில் ஒரு நீலத் திருகு உண்டு. குறுக்கே திருப்பினால் பூட்டு, நேரே திருப்பினால் திறப்பு. லாக்கைப் போட்டு ஏற வேண்டும். உச்சியில் லாக்கை எடுத்துவிட்டு இறங்க வேண்டும். எடுக்காமல் இறங்கினால் ஒவ்வொரு கல்லும் நேரே மணிக்கட்டில் வந்து அடிக்கும், சக்கரம் தரையில் ஒட்டாமல் துள்ளும். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு திருகுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

உச்சியில் ஒரு சட்டம் போட்டவர் அவர்தான். “பின்னாடி நிக்கிறவன் முன்னாடி நிக்கிறவன் வண்டியப் பாத்துச் சொல்லணும். அவனவன் வண்டி அவனவன் கண்ணுக்குத் தெரியாது.” எங்களுக்கு அது பிடித்துப்போனது. வரிசையாக நிற்போம், ஒருவருக்கு ஒருவர் “லாக்கு” என்போம், இறங்குவோம். ஆனால் சட்டம் போட்டவருக்கு அதன் மேல் நம்பிக்கை கிடையாது. அவரே கடைசி ஆள் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்ப்பார், பிரேக்கை அமுக்கிப் பார்ப்பார், “லாக்க எடு, லாக்க எடு” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு முன்னால் போய் நின்று, “வாரேன்டா கருப்பா” என்று கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு முதல் ஆளாக இறங்குவார். தன்னுடைய லாக்கை எடுக்க மறந்துவிடுவார்.

முதல் தடவை அப்படி இறங்கிய அன்று அடிவாரத்து டீக்கடையில் அவரால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. கை தடதடவென்று ஆடியது, டீ பாதி சட்டையில். பல் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “என்னண்ணே, லாக்கோடவே எறங்கியிருக்கீங்க?” என்றார். “வேணும்னுதான் டாக்டர். மணிக்கட்டுக்கு ஒரு எக்சசைஸு” என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நாங்கள் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிறவன் நான் என்று ஆனது. எப்படி ஆனது என்று தெரியாது. யாரும் அந்த வேலைக்கு ஆசைப்படவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

“அண்ணே, லாக்கு.”

“தெரியும்.”

அடுத்த வாரம், “அண்ணே, லாக்கு.” “எடுக்கப் போறேன்ல, அதுக்குள்ள என்ன?” அதற்கடுத்த வாரம், “எனக்குக் கண்ணு இருக்குடா.” இப்படியே போகும். ஆனால் நான் சொன்னபிறகு சும்மா இருக்க மாட்டார். கொஞ்சம் பொறுத்து, ஷூ கயிறு அவிழ்ந்ததுபோலக் குனிவார். முழங்காலைச் சொறிவதுபோல ஒரு கையைக் கொண்டுபோய், யாரும் பார்க்காத மாதிரி திருகைத் திருப்பிவிடுவார். நான் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல நிற்பேன். அந்த நாடகம் எனக்குப் பிடிக்கும். வீட்டில் வந்து மனைவியிடம் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன். அதாவது, சொன்னால் அவர் கேட்பார். சொல்லக் கூடாது என்பார், ஆனால் கேட்பார். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. இரண்டு வாரம் கரட்டுப் பக்கம் போக முடியவில்லை. மூன்றாவது வாரம் போனோம். பாதை வழுக்கியதால் நான் பாதியில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாக மேலே போனேன். மூச்சு வாங்கியபடியே அவர் வண்டியைப் பார்த்துவிட்டு “அண்ணே, லாக்கு” என்றேன். அன்றைக்கு என் மைத்துனனும் எங்களோடு வந்திருந்தான். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தவன்.

“நீ மொதல்ல மிதிச்சு மேல வந்து சேரு. அப்பறம் எனக்குச் சொல்லு” என்றார் அவர். “தள்ளிட்டு வாரவன் எல்லாம் பேச வந்துட்டான். வயித்தப் பாரு, ஏழு மாசம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். அன்று சாயந்திரம் வீட்டில் பிரியாணி தின்றுகொண்டே அதை மறுபடியும் சொல்லிச் சிரித்தான், என் மனைவியும் சிரித்தாள், நானும் சிரித்தேன். இதெல்லாம் மதுரையில் ஒரு விஷயமே இல்லை. மாப்ள என்று கூப்பிட்டால் இந்த அளவுக்குப் பேச உரிமை உண்டு. ஆனால் அந்த வாரம் முழுக்க, நூலகத்தில் புத்தகத்துக்கு நம்பர் ஒட்டும்போதும், கண்ணாடியில் சட்டை போடும்போதும், அந்த ஏழு மாசம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இனிமேல் இந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று முடிவுசெய்தேன். அற்பமான மனிதன்தான் நான். இதற்கு மேல் என்ன சொல்ல?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. நான் ஓரிடத்திலும் இறங்காமல், நாக்குத் தள்ள மிதித்து, இரண்டாவது ஆளாக உச்சிக்குப் போனேன். அவர் பார்த்தார். பாராட்டவில்லை. வழக்கம்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய் ஒவ்வொருவருடைய வாரையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், வலது பக்கமாக ஒரு முழம் தள்ளி நான் நின்றிருந்தேன். நீலத் திருகு குறுக்கே இருந்தது.

பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். வெயில் அதில் பட்டுக்கொண்டிருந்தது. பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். ஒரு நாள் மணிக்கட்டு வலிக்கட்டும், டீக் கிளாஸைப் பிடிக்க முடியாமல் நிற்கட்டும், நாலு பேர் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இதுதான் உண்மை. பாட்டிலை மூடி அதன் இடத்தில் செருகினேன். “வாரேன்டா கருப்பா” என்றார் அவர். இறங்கினார்.

பாதியில் மழைத் தண்ணீர் பாதையை அறுத்து ஒரு பள்ளம் பண்ணியிருந்தது. ஏறும்போது நாங்கள் எல்லோரும் அதை ஓரமாகச் சுற்றி வந்திருந்தோம். இறங்குகிற வேகத்தில், கல்லுக்குக் கல் துள்ளுகிற சக்கரத்தை வைத்துக்கொண்டு அவரால் ஓரத்துக்கு வளைக்க முடியவில்லை. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் பள்ளத்தில் போய் நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. தலை முதலில் தரைக்குப் போனது.

நாங்கள் ஓடிப் போனபோது கண் திறந்துதான் இருந்தார். ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. வங்கிக்காரர் கையைப் பிடித்துத் தூக்கப் போனார்.

“தொடாத! யாரும் என்னத் தூக்காதீங்க. கழுத்து. ஒரு பலகை கொண்டாங்க. டாக்டர், தலைய ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிங்க. ஆட்டாதீங்க. மாப்ள, நூத்தியெட்டுக்குப் போனப் போடு. கரட்டுக்கு வடபக்கம் வரச் சொல்லு, தென்பக்கம் வண்டி வராது.”

அந்த நேரத்திலும் எல்லோருக்கும் எல்லாம் அவரே சொன்னார். கோயில் சமையல் கொட்டகையிலிருந்து ஒரு பலகையைத் தூக்கி வந்தோம். அதில் அவரை ஏற்றும்போது என்னைப் பார்த்து, “மாப்ள, என் காலு ரெண்டும் பலகையிலதான இருக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சரி” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பையன் அவரிடம் தொழில் கற்றவன். வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் மதினியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச, இவருக்கு எப்படிச் சொல்வது என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தோம். இவர் அந்தப் பையனைக் கூப்பிட்டு படத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். டாக்டர் உள்ளே வந்து, “பயப்படாதீங்க, நாம பொறுமையா...” என்று ஆரம்பித்தார்.

“எனக்குச் சொல்ல வேணாம் சார்” என்றார். “நானே பாத்துட்டேன்.”

கழுத்துக்குக் கீழே தோளை லேசாக அசைக்க முடிந்தது. வேறொன்றும் இல்லை. இரண்டு ஆபரேஷன், நாலு மாதம், வேலூர் வரை போய் வந்தது எல்லாம் முடிந்து, வீட்டு ஹாலில் ஜன்னல் ஓரமாக ஒரு கட்டில் போட்டார்கள். நான் வாரம் தவறாமல் போனேன். தண்ணீர் கொடுத்தேன், பேப்பர் படித்துக் காட்டினேன், மதினியோடு சேர்ந்து புரட்டிப் படுக்க வைத்தேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பார்க்க வருகிறவர்கள் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் சொல்வார். “நான்தான் லாக்க எடுக்க மறந்துட்டேன்.” தான் மறந்ததாக வாழ்க்கையில் முதன்முறையாக அப்போதுதான் ஒப்புக்கொண்டார். அடுத்து என் பக்கம் முகத்தைத் திருப்பி, “இவன்தான் பின்னாடி நின்னான். இவன் கண்ணுல பட்டிருந்தா விட்டிருக்க மாட்டான். நான் திட்டுனாலும் சொல்லிருவான். என் நேரம், அன்னைக்குன்னு இவன் அந்தப் பக்கம் பாக்கல” என்பார். வந்தவர்கள் என்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள். நான் காபி டம்ளரைப் பார்ப்பேன்.

இப்படிப் பத்துப் பதினைந்து தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும்போல இருக்கும். தூக்கம் போனது. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம், மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் அதை மடித்து வைத்தேன்.

“அண்ணே, அன்னைக்கு நான் பாத்தேண்ணே.”

“எதடா?”

“லாக்க. குறுக்க இருந்துச்சு. பாத்துட்டுத்தான் சொல்லாம இருந்தேன்.”

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அந்தக் காலுக்குத் தெரியப்போவதில்லை என்றாலும் விழுந்திருப்பேன்.

“ஏன்?” என்று கேட்டார்.

“அதுக்கு மொத வாரம் என்னைய வயிறுன்னு சொன்னீங்க. அந்தக் கோவம்.”

“சொன்னேனா?” என்றார். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. ஃபேனிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீ பாத்ததுக்கும் நான் கெளம்புனதுக்கும் நடுவுல எம்புட்டு நேரம் இருந்துச்சு?” என்று கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. “ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சு, பாட்டில மூடி வச்சேண்ணே. அந்த நேரம்.”

“அது நெறைய நேரம் மாப்ள” என்றார்.

மதினி வந்ததும் காபி போட்டார், குடித்தேன். கிளம்பும்போது “போறேண்ணே” என்றேன். “ம், போ” என்றார். வெளியே வந்தபோது எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. சொல்லிவிட்டேன், அவரும் தாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு அடித்துப்போட்டாற்போலத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசர அவசரமாகக் குளித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல வா என்றார். பேப்பரில் தேர்தல் செய்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், இரண்டு கட்சியையும் திட்டினார். பிசியோதெரபிக்காரர் வந்தார். “தம்பி, பை ஜிப்பு தொறந்து கெடக்கு பாரு. ரோட்டுல எதையும் கொட்டிட்டு வந்தியா?” என்று அவரைப் பிடித்துக்கொண்டார். கேஸ் சிலிண்டர் போட வந்தவரை, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்து, கொடியில் துணி பறக்கப்போகிறது, கிளிப் போடச் சொல் என்று மதினியை அனுப்பினார். எல்லாம் பழையபடியே இருக்கிறது, ஆண்டவன் இந்த மட்டில் விட்டான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவருக்கு நேரே, கட்டிலை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது அவர் கண் என் காலரில் ஒரு முறை நின்றது. ஸ்ட்ராவில் தண்ணீரைக் குடித்தார்.

போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன். மதினி கேட் வரை வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன தம்பி, டீ சர்ட்ட உள்பக்கம் வெளிப்பக்கமா மாத்திப் போட்டிருக்கீங்க! காலர்ல லேபிளெல்லாம் தெரியுது.”

குனிந்து பார்த்தேன். தையல் எல்லாம் வெளியே இருந்தது. பாக்கெட் உள்ளே இருந்தது.

“இம்புட்டு நேரம் அவரு முன்னாடிதான உக்காந்திருந்தீங்க?” என்றார் மதினி. அவருடைய சிரிப்பு மெல்லக் குறைந்தது. “அவரு சொல்லலையா?”

“கவனிச்சிருக்க மாட்டாரு மதினி” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் வண்டியைக் கிளப்பினேன்.